“புண் ஆறிவிட்டது” என்கிறார் டாக்டர். எனக்கு அப்படித் தெரியவில்லையே?

கேள்வி:

டாக்டர், எனக்கு 51 வயது. பள்ளி ஆசிரியை. நான்கு வருடத்துக்கு முன் கன்னத்தின் உட்பக்கமும் ஈறும் எரிய ஆரம்பித்தன. பயாப்ஸி செய்து பார்த்துவிட்டு ‘ஓரல் லைக்கன் பிளானஸ்’ என்றார்கள். ஸ்டீராய்டு ஜெல் தடவியதில் புண்கள் ஆறிவிட்டன. கன்னத்தில் வெள்ளைக் கோடுகள் மட்டும் இருக்கின்றன. போன முறை டாக்டர், “ரொம்ப நன்றாக இருக்கிறது, ஆறு மாதம் கழித்து வாருங்கள்” என்று அனுப்பிவிட்டார். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. எனக்குத்தான் இல்லை. பல் துலக்கினால் ஈறு எரிகிறது. காரம், புளிப்பு, சூடு எதையும் தொடுவதில்லை. நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிட்டே ரொம்ப நாளாகிறது. வகுப்பில் அரை மணி நேரம் பேசினால் வாய் காய்ந்து ஒட்டிக்கொள்கிறது. ஸ்டீராய்டு என்ற பயத்தில், கொஞ்சம் தேவலாம் என்றதும் ஜெல்லை நிறுத்திவிடுவேன். இது புற்றுநோயாக மாறலாம் என்று படித்ததிலிருந்து தினமும் இரவு டார்ச் அடித்துக் கண்ணாடியில் வாயைப் பார்க்காமல் தூக்கம் வருவதில்லை. “டாக்டரே நன்றாக இருக்கிறது என்றபிறகு உனக்கு என்ன?” என்கிறார் கணவர். எல்லாம் என் மனப்பிரமைதானா? இதற்கு மேல் எதிர்பார்ப்பது பேராசையா?

பதில்:

அம்மா, மனப்பிரமையும் இல்லை, பேராசையும் இல்லை. உங்கள் டாக்டர் சொன்னதும் உண்மை, நீங்கள் சொல்வதும் உண்மை. அவர் வாயின் உட்சவ்வைப் பார்த்துச் சொன்னார்; நீங்கள் அந்த வாயோடு கழியும் நாட்களைச் சொல்கிறீர்கள். சிவந்து உரிந்திருந்த இடம் மூடிக்கொண்டால், நோய் அடங்கியது என்று எங்களால் குறித்துவைக்க முடியும். எத்தனை உணவுகளைக் கைவிட்டீர்கள், எத்தனை விசேஷங்களைத் தட்டிக்கழித்தீர்கள் என்பதெல்லாம் விளக்கைப் போட்டு வாய்க்குள் பார்த்தால் தெரியாது. கேட்டால்தான் தெரியும். அவர் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை என்றுதான் உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது தோன்றுகிறது. வாய்நோய்ப் பிரிவில் இது அன்றாடம் நடப்பது. அப்படி நடக்கக் கூடாது என்பதால்தான் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதுகிறேன்.

நோயைப் பற்றி முதலில் சுருக்கமாக. லைக்கன் பிளானஸில் நம் உடலைக் காக்க வேண்டிய டி செல்கள், உட்சவ்வின் அடியடுக்கில் இருக்கும் செல்களையே தாக்குகின்றன. ஏன் அப்படித் தொடங்குகின்றன என்பதற்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரே காரணம் கிடையாது. இது தொற்றுநோய் இல்லை. முத்தத்தாலோ, ஒரே பாத்திரத்தில் சாப்பிடுவதாலோ யாருக்கும் பரவாது. நடுத்தர வயதுக்குமேல், அதிலும் பெண்களுக்கு அதிகம் வருகிறது. தோலில் வந்தால் பெரும்பாலும் ஓரிரு வருடத்தில் மறைந்துவிடும். வாயில் வந்தால் அப்படி விடுவதில்லை. ஏறுவதும் இறங்குவதுமாகப் பல வருடம் நீடிக்கும். அடியோடு தீர்க்கும் மருந்து இன்றைக்கு இல்லை. கன்னத்தில் தெரியும் அந்த வெள்ளைக் கோடுகளுக்கு ‘விக்காம் கோடுகள்’ என்று பெயர். அவை எரியாமல் இருந்தால் மருந்து வேண்டியதில்லை. கோடு போகவில்லையே என்று நீங்கள் கவலைப்பட வேண்டாம். சிகிச்சை தோற்றுவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை.

அப்படியானால் சிகிச்சை எதற்கு? நோயை வேரோடு எடுக்க முடியாதபோது, அந்த மனிதர் வலியில்லாமல் சாப்பிட வேண்டும், பேச வேண்டும், தூங்க வேண்டும், ஆபத்தான மாற்றம் வந்தால் சீக்கிரம் கண்டுபிடிக்க வேண்டும். சிகிச்சையின் நோக்கமே இதுதான். நீங்கள் ‘இதற்கு மேல்’ என்று கேட்பது எதுவும் கூடுதல் சலுகை இல்லை. ஆறிய புண் அந்த நோக்கத்தில் ஒரு பகுதி. நீங்கள் நிம்மதியாகச் சாப்பிடுவது இன்னொரு பகுதி. இரண்டாவது பகுதி இன்னும் பாக்கி இருக்கிறது.

அந்தப் பாக்கியை அளக்கவும் வழி உண்டு. ஆஸ்திரேலியாவில் 1994-இல் 49 கேள்விகள் கொண்ட ஒரு வினாத்தாளை உருவாக்கினார்கள். வாயின் பிரச்சினை ஒருவரின் வாழ்க்கையை எந்த அளவுக்குப் பாதிக்கிறது என்று அவரிடமே கேட்டு அறிவதற்கான வினாத்தாள் அது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி ஸ்லேட் 1997-இல் அதை 14 கேள்விகளாகச் சுருக்கினார். ஓ.எச்.ஐ.பி-14 என்ற அந்தச் சுருக்க வடிவம்தான் இன்று உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. வார்த்தைகளை உச்சரிக்கச் சிரமமா, ருசி குறைந்துவிட்டதா, சாப்பாட்டைப் பாதியில் நிறுத்த வேண்டியிருக்கிறதா, மற்றவர்கள் முன் சங்கடமாக இருக்கிறதா, வீட்டில் எரிச்சல்படுகிறீர்களா, வழக்கமான வேலையைச் செய்ய முடிகிறதா என்று கேள்விகள் போகும். ‘ஒருபோதும் இல்லை’ என்றால் 0, ‘மிக அடிக்கடி’ என்றால் 4. மொத்தம் 56. எண் கூடக்கூட, நோய் வாழ்க்கையை அதிகம் தின்கிறது என்று பொருள்.

அது பல்வலி, பல் இல்லாமை, செட் பல் எல்லாவற்றுக்கும் பொதுவான அளவுகோல். உங்களைப் போல வருடக்கணக்கில் உட்சவ்வு நோயோடு இருப்பவர்களின் பாடு அதில் முழுதாக அகப்படவில்லை. அதனால் 2011-இல் அயர்லாந்தில், இந்த நோயாளிகளையே உட்காரவைத்துப் பேசவிட்டு, அவர்கள் சொன்னதிலிருந்து 26 கேள்விகள் கொண்ட தனி வினாத்தாள் ஒன்றைத் தயாரித்தார்கள். சி.ஓ.எம்.டி.க்யூ என்று அதைச் சொல்வார்கள். அதில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது ஒன்று உண்டு. வலி, சாப்பாடு பற்றி ஒரு பகுதி, மனமும் உறவுகளும் பற்றி ஒரு பகுதி என்பதோடு நிற்காமல், மருந்துகளும் சிகிச்சையும் தரும் தொல்லைக்கு ஒரு பகுதி, சுற்றியிருப்பவர்களின் ஆதரவுக்கு ஒரு பகுதி என்று அதில் வைத்திருக்கிறார்கள். மருந்து தடவுவதே ஒரு பாரம், அதன் பக்கவிளைவைப் பற்றிய பயம் இன்னொரு பாரம், வீட்டில் யாருக்கும் புரியவில்லை என்பது மூன்றாவது. உங்கள் கடிதத்தில் இந்த மூன்றுமே இருக்கின்றன.

இப்படிக் கேட்டுப் பார்த்தவர்கள் கண்ட ஒரு விஷயத்தை உங்கள் கணவருக்கும் படித்துக் காட்டுங்கள். வாய்க்குள் தெரியும் புண்ணின் அளவும், நோயாளி படும் கஷ்டத்தின் அளவும் எப்போதும் ஒன்றாக நடப்பதில்லை. பெரிய புண்ணோடு வேலைக்குப் போய்வருபவர்கள் உண்டு. வெறும் வெள்ளைக் கோடுகளோடு, பயத்தில் உறைந்துபோனவர்களும் உண்டு. இரண்டாம் வகையினரைப் பார்த்து “ஒன்றுமில்லை, போங்கள்” என்று சொல்வது சரியான மருத்துவம் ஆகாது என்பது என் உறுதியான கருத்து.

சரி, இனி உங்கள் ஈறுக்கு வருகிறேன். நீங்கள் சொல்வதில் மனசை மட்டும் காரணம் காட்டித் தள்ளிவிட முடியாத, மருந்தால் சரிசெய்யக்கூடிய விஷயங்களே நிறைய இருக்கின்றன.

துலக்கினால் எரிகிறது என்றால், ஈறில் நோய் முழுதாக அடங்கவில்லை என்று சந்தேகிக்க வேண்டும். கன்னத்தில் ஜெல் நிற்கிற அளவுக்கு ஈறில் நிற்காது. எச்சில் கழுவிக்கொண்டு போய்விடும். அதற்கு உங்கள் பல் வரிசைக்கு அளவெடுத்து, மெல்லிய உறை ஒன்று செய்து தருவார்கள். அதற்குள் ஜெல்லைத் தடவி மாட்டிக்கொண்டால், மருந்து ஈறோடு ஒட்டி வேண்டிய நேரம் இருக்கும். இதைக் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று: எரிகிறதே என்று பல் துலக்குவதைக் குறைத்திருப்பீர்கள். பெரும்பாலோர் செய்வதுதான். ஆனால் பல்லோரத்தில் அழுக்குப் படலம் சேரச்சேர, ஈறு இன்னும் சிவக்கும், இன்னும் எரியும், துலக்கவே மனம் வராது. இந்தச் சுழலை உடைத்தாலே பாதி எரிச்சல் குறைந்தவர்கள் இருக்கிறார்கள். மிக மிருதுவான பிரஷ், நுரை வராத பேஸ்ட், அதாவது சோடியம் லாரில் சல்ஃபேட் இல்லாதது, புதினா, லவங்கப்பட்டை போன்ற காட்டமான வாசனை இல்லாதது. ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் வேண்டாம். பல் மருத்துவரிடம் மெதுவாக ஒரு முறை சுத்தம் செய்துகொள்ளுங்கள். வலிக்கும் என்றால் முதலில் மரத்துப்போகும் ஜெல் தடவச் சொல்லலாம்.

எரிச்சலுக்கு வேறு ஒரு காரணமும் இருக்கலாம். வாயில் ஸ்டீராய்டு பயன்படுத்துபவர்களுக்குப் பூஞ்சைத் தொற்று வர வாய்ப்பு அதிகம். தயிர்த்திவலை போலத் துடைத்தால் வந்துவிடும் வெள்ளைப் படலம், அல்லது படலமே இல்லாமல் சிவந்து எரிவது, ருசி மாறுவது இவையெல்லாம் அதன் அடையாளங்கள். பழைய நோய்தான் திரும்பிவிட்டது என்று நினைத்து இன்னும் ஸ்டீராய்டு தடவினால் பூஞ்சை வளரும். பூஞ்சை மருந்து கொடுத்தால் சில நாட்களிலேயே வித்தியாசம் தெரியும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர் என்றால் மட்டும் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சில பூஞ்சை மருந்துகள், வாயில் தடவும் மைக்கோனசோல்கூட, அதோடு சேரக் கூடாது.

வாய் காய்வதையும் தனியாகப் பார்க்க வேண்டும். ரத்த அழுத்தம், அலர்ஜி, மனச்சோர்வு இவற்றுக்கான மாத்திரைகளில் பல எச்சிலைக் குறைக்கும். சில ரத்த அழுத்த மாத்திரைகளும் வலி மாத்திரைகளும் லைக்கன் பிளானஸ் போலவே தோன்றும் புண்களையும் உண்டாக்கும். நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பட்டியலையும் எடுத்துப் போங்கள். ஆனால் எதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கூரான பல் முனையோ, சொத்தைப் பல்லில் அடைத்த பழைய அடைப்போ, சரியாகப் பொருந்தாத செட் பல்லோ கன்னத்தில் உரசிக்கொண்டே இருந்தால் அங்கே நோய் அடங்காது. அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது ஸ்டீராய்டு பயம். இது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம், ஏனென்றால் நல்ல மருந்து கையில் இருந்தும் பாதி மருந்தோடு அவதிப்படுபவர்கள் ஏராளம். நீங்கள் பயப்படுவதில் உங்கள் தவறும் இல்லை. வாய்க்கு எழுதித் தரும் ஜெல், களிம்பு பலவும் தோலுக்காகத் தயாரானவை. டியூபில் ‘வெளிப்பூச்சுக்கு மட்டும்’ என்று அச்சிட்டிருக்கும். அதை வாய்க்குள் தடவச் சொன்னால் யாருக்குத்தான் கை நடுங்காது? எழுதித் தரும்போதே ஒரு நிமிடம் விளக்கியிருக்க வேண்டும். வாய்க்கு இதைக் கொடுப்பது டாக்டரின் கவனக்குறைவு இல்லை, குளோபெட்டசால் 0.05 சதவீதம், டிரையாம்சினோலோன் போன்றவை உலகெங்கும் இந்த நோய்க்கு முதலில் கொடுக்கும் மருந்துகள். மெல்லிய பூச்சாகத் தடவினால் உடலுக்குள் போகும் அளவு மிகக் குறைவு. மாதக்கணக்கில் மாத்திரையாக விழுங்கும் ஸ்டீராய்டோடு இதை ஒப்பிட வேண்டாம். வருடக்கணக்கில் அளவில்லாமல் பூசினால் தொந்தரவு வரலாம், அதனால்தான் கண்காணிப்பு.

நீங்கள் செய்வது போலக் கொஞ்சம் தேவலாம் என்றதும் சட்டென்று நிறுத்தினால் என்ன ஆகும்? அடங்கத் தொடங்கிய அழற்சி மறுபடி கிளம்பும். திரும்ப முதலிலிருந்து ஆரம்பிப்பீர்கள். மொத்தக் கணக்கில் பார்த்தால், ஒழுங்காகத் தடவியிருந்தால் செலவாகும் மருந்தைவிட அதிக மருந்துகூட உள்ளே போயிருக்கலாம். சாப்பிட்டு, வாய் கொப்பளித்தபின், அந்த இடத்தை மெல்லிய துணியால் ஒற்றி உலர்த்தி, சிறிதளவு தடவி, அரை மணி நேரம் எதுவும் உண்ணாமல் குடிக்காமல் இருக்க வேண்டும். கடைசிப் பூச்சு படுக்கும் முன். அடங்கியபின் ஒரு நாளைக்கு ஒரு தடவை, அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள் என்று படிப்படியாகக் குறைப்பது வழக்கம். எரிச்சல் தலைகாட்டினால் எத்தனை முறைக்குத் திரும்ப வேண்டும் என்பதையும் உங்கள் டாக்டரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இதெல்லாம் சரியாகச் செய்தும் கேட்கவில்லை என்றால் டாக்ரோலிமஸ் போன்ற வேறு பூச்சுகளும், இன்னும் தீவிரமானால் மாத்திரைகளும் இருக்கின்றன. வழி அடைபட்டுவிடவில்லை.

புற்றுநோய் பற்றிய உங்கள் பயத்துக்கு நேரடியாகவே பதில் சொல்கிறேன். உலக சுகாதார அமைப்பு வாயில் வரும் லைக்கன் பிளானஸைப் புற்றுநோயாக மாறக்கூடிய நிலைகளின் பட்டியலில் வைத்திருப்பது உண்மை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கும்போது, வருடக்கணக்கில் கவனித்ததில் 100 பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு அப்படி மாறியிருக்கிறது. மீதி 99 பேருக்கு மாறவில்லை. இல்லவே இல்லை என்று உங்களை ஏமாற்ற மாட்டேன். ஆனால் இது தினமும் இரவு டார்ச் அடிக்க வேண்டிய ஆபத்தும் இல்லை. 6 மாதத்துக்கு ஒருமுறை உங்களை வரச் சொல்வது இதற்காகத்தான். தினமும் பார்த்தால், உண்மையில் மாற்றம் வந்தாலும் கண்ணுக்குப் பிடிபடாது. பயம் மட்டும் வளரும். மாதம் ஒரு நாள் குறித்துக்கொண்டு, நல்ல பகல் வெளிச்சத்தில் கன்னம், ஈறு, நாக்கின் இரு ஓரங்கள், நாக்கின் அடி என்று பாருங்கள். விரலால் தடவியும் பாருங்கள். இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண், தடித்துக் கெட்டியான இடம், கட்டி, காரணமில்லாத ரத்தக்கசிவு, மரத்துப்போதல், கழுத்தில் வீக்கம் இவற்றில் ஏதாவது இருந்தால் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் போய்விடுங்கள். இல்லையென்றால் அடுத்த மாதம்வரை கண்ணாடியை மூடிவையுங்கள். புகையிலை, மது இரண்டும் வேண்டாம் என்பதை எல்லோருக்கும் சொல்வதுபோல உங்களுக்கும் சொல்லிவைக்கிறேன்.

சாப்பாட்டில் பலரும் ஒரு விஷயத்தைக் கவனிப்பதில்லை. புண் கடுமையாக இருந்தபோது விட்ட உணவுகளை, ஆறியபிறகும் பயத்திலேயே தொடாமல் இருப்பார்கள். தட்டு சுருங்கிக்கொண்டே போகும், உடம்பும் இளைக்கும். ஈறு அடங்கியதும், விட்டவற்றில் உங்களுக்கு மிகவும் பிடித்த ஒன்றை எடுத்துக்கொண்டு, எரிச்சல் இல்லாத ஒரு நாளில், ஆறவைத்து, கொஞ்சமாகச் சாப்பிட்டுப் பாருங்கள். ஒத்துக்கொண்டால் வைத்துக்கொள்ளுங்கள். எரிந்தால் சில வாரம் கழித்து மறுபடி. எல்லோருக்கும் ஒரே விலக்குப் பட்டியல் என்று எதுவும் கிடையாது. ஒருவருக்கு எரிவது இன்னொருவருக்கு எரியாது. நாலு பேரோடு சாப்பிடும்போது “எனக்கு வாயில் ஒரு நோய் இருக்கிறது, ஒட்டாது, மெதுவாகத்தான் சாப்பிடுவேன்” என்று முதலிலேயே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். ஒளித்துவைக்கும்போது வரும் களைப்பு, சொன்னபின் பெரும்பாலும் குறைந்துவிடுகிறது.

மனசைப் பற்றி. இந்த நோய் உள்ளவர்களுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் மற்றவர்களைவிட அதிகம் காணப்படுகிறது. மனஉளைச்சலில் நோய் கிளம்புவதாகப் பலர் சொல்கிறார்கள். தீராத எரிச்சல் யாரையும் சோர்வடையச் செய்யும் என்பதும் உண்மைதானே. எது முதலில் என்று ஆராய்ந்துகொண்டிருப்பதால் உங்களுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. தூக்கம் கெடுகிறது, எதிலும் பிடிப்பில்லை, பயம் நாள் முழுக்கக் கூடவே வருகிறது என்றால் மனநல ஆலோசகரையும் பாருங்கள். வாய்க்கு மருந்து தடவுவதுபோல அதுவும் இந்தச் சிகிச்சையில் ஒரு பகுதி. அங்கே போவதால் ‘எல்லாம் மனசுதான்’ என்று நீங்கள் ஒப்புக்கொண்டதாக ஆகாது.

கேட்கக் கூச்சப்பட்டு விட்டுப்போகும் ஒன்றையும் நானே கேட்டுவிடுகிறேன். பிறப்புறுப்பில் எரிச்சல், புண், உறவின்போது வலி இருக்கிறதா? உணவு தொண்டைக்குக் கீழே சிக்கிக்கொள்வதுபோல இருக்கிறதா? இதே நோய் அங்கெல்லாமும் வரலாம். குறிப்பாக ஈறில் உள்ள பெண்களுக்குப் பிறப்புறுப்பிலும் வருவதுண்டு. வாய் டாக்டரிடம் இதை எப்படிச் சொல்வது என்று வருடக்கணக்கில் மறைத்து, தழும்பு விழுந்தபின் வருபவர்கள் உண்டு. இருந்தால் சொல்லுங்கள், மகளிர் மருத்துவரிடமோ தோல் மருத்துவரிடமோ அனுப்புவோம்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது, “பரவாயில்லை டாக்டர்” என்று ஆரம்பிக்காதீர்கள். இப்போதைய எரிச்சலுக்கு 0 முதல் 10-க்குள் எத்தனை, போன மாதத்தின் மோசமான நாளில் எத்தனை, விட்டுவிட்ட உணவுகள், வகுப்பில் எவ்வளவு நேரம் பேச முடிகிறது, ஜெல்லை உண்மையில் எத்தனை நாள் தடவினீர்கள், என்ன பயம் என்று அரைப் பக்கம் எழுதி அவர் கையில் கொடுங்கள். வாழ்க்கைத்தர வினாத்தாள் ஏதாவது இருந்தால் நிரப்பித் தருகிறேன் என்றும் கேளுங்கள்; மூன்று மாதம் கழித்து மறுபடி நிரப்பினால் சிகிச்சை உங்களுக்கு உதவுகிறதா என்பது இருவருக்குமே தெரியும். முடிந்தால் கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் சொல்வதையும் டாக்டர் அதற்குச் சொல்லும் பதிலையும் அவர் நேரில் கேட்கட்டும்.

இதற்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம். ஈறு எரிகிறது என்ற ஒரு காரணம் போதும், தேதியை முன்னால் மாற்றித் தரச் சொல்லுங்கள்.